கடைக்கு எந்திர ஏஜெண்டு அமர்த்துவது எப்படி?



ஏஜெண்டு என்பது நம் தொழிலுக்குப் புதிய சொல் அல்ல. விருதுநகரில் வத்தலும் மல்லியும் பார்த்து வாங்க ஒருவர், லைனில் போய் ஆர்டர் பிடித்துப் பாக்கி வசூலித்து வர ஒருவர், வெளியூர் மில்லுக்கும் நமக்கும் நடுவில் கமிஷனுக்கு நிற்க ஒருவர் என்று தாத்தா காலம் தொட்டே ஏஜெண்டுகளை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது. ஓர் ஆளை அமர்த்தும்போது அவர் யார் வீட்டுப் பிள்ளை, முன்பு எங்கே இருந்தார், கை சுத்தமா, வாய் சுத்தமா என்று நாலு இடத்தில் விசாரிக்கிறோம். முதல் ஆறு மாதம் ரொக்கத்தை அவர் கையில் விடுவதில்லை. விலையைக் குறைத்துச் சொல்லும் அதிகாரமும் கொடுப்பதில்லை.

இப்போது வந்திருப்பது ஆள் அல்லாத ஏஜெண்டு. செயற்கை அறிவு கொண்ட ஒரு கம்ப்யூட்டர் நிரல், நம் கடைப் பெயரில் சமூக வலைத்தளத்தில் அமர்ந்து, கேட்பவர்களுக்கு இரவு பகல் பாராமல் தானாகவே பதில் சொல்கிறது. ஒவ்வொரு பதிலையும் யாரும் தட்டச்சு செய்வதில்லை. நாம் ஒருமுறை எழுதி வைத்ததைக் கொண்டு அதுவே தீர்மானித்துப் பேசுகிறது. இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் சிலரின் பிள்ளைகள், நம் கடைக்கும் இப்படி ஒன்று வைக்கலாமே என்று வீட்டில் கேட்டு வருகிறார்கள். எங்கள் மொத்தக் கடையில் நான்கு மாதம் வைத்துப் பார்த்தோம். அந்த அனுபவத்தையும், படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். நடுவில் ஒரு தவறு நேர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

எந்த இடத்தில் வைப்பது?

வாடகைக் கட்டிடத்தில் கடை நடத்துபவருக்கு, உரிமையாளர் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது என்ற கவலை எப்போதும் உண்டு. ஒரே கம்பெனி நடத்தும் வலைத்தளமும் வாடகைக் கட்டிடம்தான். 'கூ' என்ற இந்திய வலைத்தளம் 2020-ல் தொடங்கியது. தமிழ் முதலிய நம் மொழிகளில் எழுத இடம் கொடுத்ததால் பலர் சேர்ந்தார்கள். 2024 ஜூலையில் அது மூடப்பட்டது. அங்கே சேர்த்து வைத்திருந்த தொடர்புகள் அத்தோடு போயின. அதற்கு முன் 2023-ல் ட்விட்டர் நிறுவனம், வெளி நிரல்கள் தன்னுடன் இணைந்து வேலை செய்வதற்கு அதுவரை இருந்த இலவச வசதியைச் சுருக்கிக் கட்டணம் வைத்தது. வானிலை அறிவிப்பு, ரயில் அறிவிப்பு என்று உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்த பல தானியங்கிக் கணக்குகள் அப்போது நின்றுபோயின.

ஆகவே எந்திர ஏஜெண்டு வைப்பதானால், ஒரே முதலாளி இல்லாத வலையமைப்பில் வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. இதை மையமில்லா வலையமைப்பு என்று சொல்லலாம். டெலிபோனை எண்ணிப் பாருங்கள். நாம் பி.எஸ்.என்.எல். வைத்திருக்கிறோம், எதிரில் இருப்பவர் ஏர்டெல் வைத்திருக்கிறார். இருந்தாலும் பேச முடிகிறது. இரு கம்பெனிகளும் ஒரே ஒழுங்குமுறையை ஏற்றுக்கொண்டிருப்பதே காரணம். ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ரோச்கோ என்ற இளைஞர் 2016-ல் வெளியிட்ட 'மாஸ்டடன்' என்பது இந்த வகை. ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர், தனி விதிகள். ஆனால் ஒரு சர்வரில் இருப்பவர் மற்றொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். இவற்றை இணைக்கும் 'ஆக்டிவிட்டிபப்' என்ற ஒழுங்குமுறை 2018 ஜனவரியில் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி இந்தியாவிலிருந்து ஏராளமானவர்கள் மாஸ்டடனுக்குப் போனார்கள். பலர் திரும்பியும் வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட 'புளூஸ்கை'யும் இதே எண்ணத்தில் கட்டப்பட்டதே. அங்கே நம் சொந்த இணையப் பெயரையே கணக்கின் பெயராக வைத்துக்கொள்ளலாம். கடைப் பெயர்ப் பலகை நம்முடையதாகவே இருக்கும்.

நம் அரசாங்கமே இந்த வழியில் ஒரு முயற்சி செய்திருப்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். ஓ.என்.டி.சி. என்ற திறந்த வணிக வலையமைப்பு 2021 டிசம்பர் கடைசியில் கம்பெனியாகப் பதிவாகி, 2022 ஏப்ரலில் ஐந்து நகரங்களில் வெள்ளோட்டம் விடப்பட்டது. அவற்றில் ஒன்று நம் கோயம்புத்தூர். வாங்குபவர் ஒரு செயலியில், விற்பவர் வேறொரு செயலியில். நடுவில் ஒரே முதலாளி கிடையாது. அது சரக்கு விற்கும் இடம், மாஸ்டடன் பேசும் இடம். அடிப்படை ஒன்றுதான்.

இதில் ஒரு பாதகமும் உண்டு. தலைமை அலுவலகம் என்று ஒன்று இல்லாததால், தவறு நடந்தால் ஒரே இடத்தில் முறையிட்டுத் தீர்த்துக்கொள்ள முடியாது. நாம் எழுதிய செய்தி நம் சர்வரிலிருந்து, நம்மைப் பின்தொடர்பவர்களின் சர்வர்களுக்கெல்லாம் நகலாகப் போய்விடுகிறது. நாம் அழித்தால் 'அழித்துவிடுங்கள்' என்ற வேண்டுகோள் மற்ற சர்வர்களுக்குப் போகும். அவை எல்லாம் கேட்கும் என்று உறுதி கிடையாது. இந்த ஒன்றை நாங்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்சி பற்றி 182 முதல் 238 வரை பிரிவுகள் இருக்கின்றன. வியாபாரி ஒவ்வொருவரும் ஒருமுறை படித்து வைக்க வேண்டிய பகுதி அது. 226ஆம் பிரிவின்படி, ஏஜெண்டு மூலம் செய்த ஒப்பந்தம் முதலாளி நேரில் செய்ததற்குச் சமம். 237ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏஜெண்டு தன் அதிகாரத்தை மீறினாலும், அதிகாரம் இருக்கிறது என்று வெளியார் நம்பும்படி முதலாளி சொல்லாலோ நடத்தையாலோ இடம் கொடுத்திருந்தால், முதலாளி கட்டுப்பட வேண்டும். முதலாளிக்குப் பாதுகாப்பாக இருப்பது 211ஆம் பிரிவு. சொன்னபடி நடக்காத ஏஜெண்டு, அதனால் வந்த நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும்.

எந்திரம் சட்டத்தின் கண்ணில் ஆள் அல்ல. ஆகவே இந்தப் பிரிவுகளின்படி அது ஏஜெண்டே ஆகாது. அப்படியானால் அது சொன்னது யார் சொன்னது? இதற்கு 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் பதில் இருக்கிறது. ஒருவரால் அல்லது ஒருவர் சார்பில் தானாக இயங்கும்படி அமைக்கப்பட்ட கருவி அனுப்பும் மின்னணுச் செய்தி, அவரே அனுப்பியதாகக் கொள்ளப்படும். அது சொன்ன விலை நாம் சொன்ன விலை. அது கொடுத்த தவணை நாம் கொடுத்த தவணை. ஆனால் 211ஐக் காட்டி அதனிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. ஒப்பந்தச் சட்டம் 184ஆம் பிரிவில் ஒரு விநோதம் உண்டு. வயது வராத பிள்ளையைக்கூட ஏஜெண்டாக வைக்கலாம்; வெளியாருக்கு முதலாளி கட்டுப்படுவார், ஆனால் அந்தப் பிள்ளை முதலாளிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல. எந்திர ஏஜெண்டை அமர்த்துபவர் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கிறார். பள்ளிப் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு வெளியே போகும்போது எதை எதைப் பூட்டிவிட்டுப் போவோமோ, அதை அதை இதற்கும் பூட்ட வேண்டும்.

கனடாவில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பொருத்தமானது. ஏர் கனடா விமானக் கம்பெனியின் வலைத்தளத்தில் பதில் சொல்லும் எந்திரம், குடும்பத்தில் இறப்புக்காகப் பயணம் செய்த ஒருவரிடம், சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று தவறாகச் சொல்லிவிட்டது. கம்பெனியின் உண்மையான விதி அதுவல்ல. வழக்கில் கம்பெனி, அந்த எந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்க மறுத்து, வட்டியும் செலவும் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது. ஆனால் எந்த வியாபாரியும் சொல்லிப் பார்க்க நினைக்கும் சாக்கு அங்கே எடுபடாமல் போயிற்று.

எந்திரம் கடை நடத்திய கதை

மளிகைக் கடைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சோதனை 2025-ல் அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் நடந்தது. செயற்கை அறிவு தயாரிக்கும் ஆந்த்ரோபிக் என்ற கம்பெனி, ஆண்டன் லேப்ஸ் என்ற மற்றொரு கம்பெனியோடு சேர்ந்து, தன் அலுவலகத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு கடையைத் தன் எந்திரத்திடமே ஒப்படைத்தது. ஒரு குளிர்பெட்டி, சில கூடைகள். என்ன சரக்கு வாங்குவது, என்ன விலை வைப்பது, கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது எல்லாம் எந்திரத்தின் பொறுப்பு. சுமார் ஒரு மாதம் நடத்தியது. ஏறக்குறைய 1,000 டாலராக இருந்த முதல் 800 டாலருக்கும் கீழே வந்தது.

எப்படிப் போனது என்று பார்த்தால் நமக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் பழைய நினைவும் வரும். 15 டாலருக்குக் கிடைக்கும் குளிர்பானக் கட்டுக்கு ஒருவர் 100 டாலர் தருகிறேன் என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லி அந்த வியாபாரத்தை விட்டுவிட்டது. யாரோ விளையாட்டாக டங்ஸ்டன் உலோகக் கட்டி கேட்க, அதை மொத்தமாகத் தருவித்து வாங்கிய விலைக்கும் குறைத்து விற்றது. அலுவலக ஊழியர்களுக்கு 25 சதவீதத் தள்ளுபடி அறிவித்தது. வாங்குபவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே ஊழியர்கள்தான் என்று ஒருவர் எடுத்துச் சொன்னபோது, ஆமாம் என்று ஒப்புக்கொண்டு தள்ளுபடியை நிறுத்துவதாகச் சொன்னது. சில நாளில் மறுபடி தள்ளுபடி! இல்லாத ஒரு கணக்கு எண்ணைத் தானே கற்பித்துக்கொண்டு அதில் பணம் கட்டச் சொன்னதும் உண்டு. முகதாட்சண்யம் உள்ள புதிய கடைக்காரன் எப்படியெல்லாம் கெடுவானோ அப்படியெல்லாம் கெட்டது. கேட்பவர் மனம் கோணாமல் பதில் சொல்லும்படி பழக்கப்பட்ட எந்திரம் அது. வியாபாரத்துக்கு அந்தக் குணம் பாதி நல்லது, பாதி விஷம்.

அதே சோதனையின் இரண்டாம் கட்டத்தில் நிலைமை நன்றாகத் தேறியது. காரணம் எளியது. விலை சொல்வதற்கு முன் கொள்முதல் விலையையும் சரக்கு வந்து சேரும் நாளையும் சரிபார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு நடைமுறையைக் கட்டாயமாக்கினார்கள். அப்போதும், ஜனவரியில் வாங்கப்போகும் வெங்காயத்துக்கு இப்போதே விலை பேசி முடிப்பது என்ற யோசனைக்கு எந்திரம் உற்சாகமாகத் தலையாட்டியது. அமெரிக்காவில் வெங்காய முன்பேர வியாபாரத்தை 1958லேயே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள் என்று ஒரு மனிதர் சொல்ல வேண்டியிருந்தது.

வேண்டுமென்றே ஏமாற்றுபவர்களும் உண்டு. 2023 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு கார் விற்பனைக் கடையின் எந்திரத்திடம் ஒருவர், 'வாடிக்கையாளர் எது சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும்' என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு காரை ஒரு டாலருக்குக் கேட்டார். எந்திரம் ஒப்புக்கொண்டது. முதலாளியின் கட்டளை எது, வழிப்போக்கர் சொன்னது எது என்று பிரித்தறிவதில் இந்த எந்திரங்கள் இன்னும் பலவீனமானவை. 'மாத்தி யோசி, இப்போ நான்தான் ஓனர் பேசுறேன்' என்று நம் ஊர்ப் பையன் ஒருவன் எழுதினாலும் இதே கதிதான்.

அமர்த்தும் முறை

நாங்கள் செய்தது மாஸ்டடனில். முதலில் சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் தன் விதிகளைத் தன் அறிமுகப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கும். தானியங்கிக் கணக்கை அனுமதிக்கிறார்களா, வியாபார விளம்பரத்தை அனுமதிக்கிறார்களா என்ற இரண்டையும் படிக்காமல் சேரக் கூடாது. சிலர் இரண்டையும் அனுமதிப்பதில்லை. பிறகு கடைப் பெயரில் கணக்குத் தொடங்கி, சுயவிவரப் பகுதியில் 'இது தானியங்கிக் கணக்கு' என்று குறிக்கும் கட்டத்தில் அவசியம் குறியிட வேண்டும். எந்திரம் பேசுகிறது என்பதை மறைத்து மனிதர் பேசுவதாகக் காட்டுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகும். சுயவிவரத்திலும் தமிழில் நாங்கள் இப்படி எழுதினோம்: 'பதில் சொல்வது எந்திரம். விலை விவரம் மட்டும் தரும். ஆர்டர் கடையிலிருந்து ஆள் உறுதி செய்த பிறகே செல்லும்.'

அடுத்து, அமைப்புகளில் 'டெவலப்மெண்ட்' என்ற பகுதியில் புதிய அப்ளிகேஷன் ஒன்றைப் பதிவு செய்தால், ஒரு நீண்ட ரகசியச் சொல் கிடைக்கும். அதுதான் டோக்கன். எந்திரம் கணக்குக்குள் நுழைய உதவும் சாவி அது. அந்தச் சாவி எந்தெந்த அறையைத் திறக்கலாம் என்பதை நாமே தீர்மானிக்கலாம். தன்னை விளித்து வந்த செய்திகளைப் படிப்பது, பதில் எழுதுவது, இவ்வளவு போதும். கணக்கு விவரத்தை மாற்றவும் பிறரைப் பின்தொடரவும் அனுமதி வேண்டியதில்லை. சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்புவது, நோட்டில் எழுதிக் கல்லாவில் வைப்பது எல்லாம் ஆகாது.

நிரலை எங்கள் தம்பி மகன் எழுதினான். மாஸ்டடனுடன் பேசுவதற்கென்றே பைத்தான் மொழியில் ஆயத்தத் தொகுப்பு இருப்பதால் பெரிய வேலை இல்லை என்றான். நிரல் நிமிடத்துக்கு ஒருமுறை, கடையை விளித்து ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கும். வந்திருந்தால் அதையும், நாம் எழுதிக் கொடுத்த கட்டளைத் தாளையும், அன்றைய விலைப் பட்டியலையும் சேர்த்துச் செயற்கை அறிவுச் சேவைக்கு அனுப்பும். வரும் பதிலை 500 எழுத்துகளுக்குள் அடக்கி வலையில் இடும். மாஸ்டடனில் வழக்கமான வரம்பு அது. நம் மளிகை விலை சொல்ல அது தாராளம்.

இதில் எல்லாவற்றையும்விட நேரம் எடுத்துக்கொள்வது கட்டளைத் தாள். அதை நிரல் எழுதும் பையனிடம் விட்டுவிடாமல் கடைக்காரரே எழுத வேண்டும். எந்திரத்துக்குத் தமிழ் தெரியும். ஆனால் நம் ஊர்ச் சொல் தெரியாது. முதல் வாரத்தில் ஒருவர் 'வத்தல் என்ன விலை' என்று கேட்டதற்கு, வெண்டைக்காய் வத்தலும் சுண்டைக்காய் வத்தலும் எங்களிடம் இல்லை என்று பதில் சொல்லியது. நமக்கு வத்தல் என்றால் மிளகாய் வத்தல். குளிர்பதனக் கிடங்கில் வைத்த ஏ.சி. வத்தல் என்றால் அதற்கு இன்னும் குழப்பம். மல்லி என்று கேட்டால் மல்லிகைப் பூவுக்குப் போனது. போதாக்குறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் மல்லி என்று ஓர் ஊரே இருக்கிறது. 'மல்லிக்கு மல்லி ரெண்டு மூடை' என்று வந்த ஆர்டரை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பதை எழுதினால் இந்த இதழ் போதாது. சீனிக்கும் சர்க்கரைக்கும் நாம் வைத்திருக்கும் வித்தியாசம் சென்னைக்காரருக்கே தெரியாது, எந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஆகவே நாங்கள் சுமார் 140 சரக்குகளுக்கு நம் பேர், பொதுப் பேர், மூட்டை எடை என்று ஓர் அகராதியே எழுதிக் கொடுத்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. வாடிக்கையாளரை 'அண்ணாச்சி' என்று விளிக்கவும் சொல்லிக் கொடுத்தோம். பெண்கள் நடத்தும் கடைகளுக்கும் 'அண்ணாச்சி' என்றே போட்டதால் அதை எடுத்துவிட்டு 'வணக்கம்' என்று மட்டும் வைத்துக்கொண்டோம்.

விலை விஷயத்தில் ஒரு நுட்பம். விலை சொல்வது வேறு, விற்பதாக ஒப்புக்கொள்வது வேறு. 1893-ல் ஹார்வி எதிர் ஃபேஸி என்ற பழைய வழக்கில், ஓர் இடத்துக்குக் குறைந்தபட்ச விலை என்ன என்று தந்தியில் கேட்டவருக்கு 900 பவுன் என்று பதில் தந்தி போயிற்று. கேட்டவர் 'ஏற்றுக்கொண்டேன், ஒப்பந்தம் முடிந்தது' என்றார். லண்டன் பிரிவி கவுன்சில், விலை தெரிவித்தது மட்டும் விற்பனைக்கு ஒப்புதல் ஆகாது என்று சொல்லிவிட்டது. ஆனால் எந்திரம் 'சரி அண்ணாச்சி, 40 மூடை போட்டுவிட்டேன்' என்று எழுதிவிட்டால் அது வெறும் விலை விவரம் அல்ல. ஆகவே எந்திரத்தின் ஒவ்வொரு விலைப் பதிலிலும் தேதி, நேரம், 'இருப்பைப் பொறுத்தது, கடை உறுதி செய்யும் வரை ஆர்டர் ஆகாது' என்ற வரி தானாகச் சேரும்படி நிரலிலேயே கட்டிவிட வேண்டும். கட்டளைத் தாளில் எழுதி வைத்தால் சில சமயம் மறந்துவிடுகிறது. நிரலில் கட்டியது மறப்பதில்லை. பட்டியலில் விலை இல்லாத சரக்குக்குத் தானாக விலை கற்பிக்காமல் 'கடையில் கேட்டுச் சொல்கிறோம்' என்று சொல்லவும், தள்ளுபடி, தவணை பற்றிய பேச்சு வந்தால் உடனே கடை ஆளுக்குத் தள்ளிவிடவும் வேண்டும். காலை 10.30க்குப் புதிய பட்டியல் ஏற்றப்படாவிட்டால் அன்று விலையே சொல்லக் கூடாது. பழைய விலையைச் சொல்லி ஒருமுறை சீனியில் மூட்டைக்கு 60 ரூபாய் வீதம் 40 மூட்டைக்கு 2,400 ரூபாய் எங்கள் கையைக் கடித்தது. சொன்ன விலைக்கே போட்டுக் கொடுத்தோம்.

எதிரில் இருப்பதும் தானியங்கிக் கணக்கு என்றால் பதில் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எந்திரங்கள் ஒன்றுக்கொன்று நன்றி சொல்ல ஆரம்பித்தால் விடியும் வரை சொல்லும். கட்டணம் நமக்கு ஏறும்.

எங்கள் கடையில் நேர்ந்த தவறு

மூன்றாம் மாதம். வாடிக்கைக் கடைகள் பன்னிரண்டு பேர் வலையில் சேர்ந்திருந்தார்கள். விலை கேட்பதோடு, பாக்கி எவ்வளவு நிற்கிறது என்றும் கேட்க ஆரம்பித்தார்கள். இதற்குத் தினமும் நம் கணக்கப்பிள்ளைக்குப் பத்து போன் வருகிறதே, எந்திரமே சொல்லிவிட்டால் நல்லதுதானே என்று எண்ணி, பேரேட்டின் நகலையும் அது படிக்கும்படி வைத்தோம். தனிச்செய்தியில் கேட்டால் மட்டும் சொல் என்று கட்டளைத் தாளில் எழுதினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், எங்களோடு இருபது வருட வரவு செலவு உள்ளவர், ஆடிப்பூரத் தேருக்கு முந்தின வாரம் சரக்கு நெருக்கடியில், தனிச்செய்தி என்று நினைத்துப் பொதுச்செய்தியிலேயே 'நம்ம பாக்கி எவ்வளவு அண்ணாச்சி' என்று கேட்டுவிட்டார். எந்திரமும் பொதுவிலேயே பதில் சொல்லியது. 1,84,600 ரூபாய், கெடு தாண்டி 47 நாள் என்று, நாள் கணக்கோடு.

நாங்கள் பார்த்தது அரை மணி நேரம் கழித்து. உடனே அழித்தோம். நம் சர்வரில் போய்விட்டது. ஆனால் மற்றக் கடைகள் வேறு சர்வர்களில் இருந்தன. அவர்கள் போனில் அதற்குள் வந்து நின்றுவிட்டது. ஒருவர் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார். மறுநாள் அவருக்கு வழக்கமாகச் சரக்குப் போடும் வேறொரு மொத்த வியாபாரி, லோடு இறக்குவதற்கு முன் ரொக்கம் கேட்டிருக்கிறார்.

பாக்கி என்பது நமக்குப் பேரேட்டில் ஓர் எண். சில்லறைக் கடைக்காரருக்கு அது நாணயம். திருவிழா முடிந்தால் கட்டிவிடக்கூடிய பாக்கிதான் அது. எத்தனையோ ஆண்டுகளாக அப்படித்தான் கட்டி வந்தார். அன்று மாலையே ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அவரைப் பார்த்தோம். காப்பி கொடுத்தார். தவறு எங்களுடையது என்று சொன்னோம். 'எந்திரந்தானே அண்ணாச்சி, அதுக்கு என்ன தெரியும்' என்றார். நான்கு நாளில் முழுப் பாக்கியையும் கொண்டுவந்து கட்டினார். அந்தப் பணம் எங்கே புரட்டியது என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போதும் சரக்கு எடுக்கிறார், ரொக்கத்துக்கு மட்டும், பழைய அளவில் பாதி.

தவறு எந்திரத்தினுடையது என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. பேரேட்டை அதன் கையில் கொடுத்தது நாங்கள். கையில் இருப்பதை என்றாவது ஒருநாள் சொல்லிவிடும். 'சொல்லாதே' என்று எழுதி வைப்பது பூட்டு ஆகாது. கொடுக்காமல் இருப்பதே பூட்டு. இப்போது எந்திரத்துக்குத் தெரிந்தது விலைப் பட்டியலும், இருப்பு உண்டா இல்லையா என்பதும் மட்டும். யாருடைய பெயரும், போன் எண்ணும், பாக்கியும், கெடுவும் அதனிடம் இல்லை. பாக்கி கேட்டால் கணக்கப்பிள்ளையின் எண்ணைக் கொடுக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாஸ்டடனில் தனிச்செய்தி என்பதும் பூட்டிய உறை அல்ல. அஞ்சல் அட்டை போன்றது. சர்வர் நடத்துபவர் நினைத்தால் படிக்கலாம். வாடிக்கையாளர் விவரங்களைக் காப்பது குறித்து 2023-ல் தனிச் சட்டமே வந்து, 2025 நவம்பரில் அதன் விதிகளும் வெளியாகியிருப்பதால், இது வெறும் மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல.

செலவும் நிறுத்தும் வழியும்

செயற்கை அறிவுச் சேவைக்குக் கட்டணம் எழுத்தளவுக் கணக்கில். தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெறுவதற்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகவே ஏறும். எழுத்துகளைத் துண்டு துண்டாக எண்ணும் முறை அப்படி. நீளமான சரக்கு அகராதியை ஒவ்வொரு கேள்வியோடும் அனுப்பாமல், கேட்ட சரக்குக்கு உரிய பத்து வரியை மட்டும் அனுப்பும்படி நிரலை மாற்றிய பிறகு எங்கள் செலவு கணிசமாகக் குறைந்தது. மாதத்துக்கு இவ்வளவுதான் என்று சேவை தரும் கம்பெனியிடமே உச்சவரம்பு வைத்துவிட வேண்டும்.

எந்திரம் பேசியது எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு சிட்டையில் பதிய வைத்து, இரவு கடை அடைக்கும்முன் கணக்கப்பிள்ளை ஒருமுறை பார்த்துக் கையெழுத்திடுகிறார். பதினைந்து நிமிட வேலை. 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று எந்திரத்தால் சொல்ல முடியாது. அது சொன்னதை வாடிக்கையாளர் வேறு விதமாகச் சொன்னாலும் சிட்டை இருக்கிறது.

அவசரமாக நிறுத்த வேண்டுமானால் நிரல் ஓடும் கம்ப்யூட்டரைத் தேடி ஓட வேண்டாம். போனிலேயே கணக்குக்குள் போய், பதிவு செய்த அப்ளிகேஷனை ரத்து செய்தால் டோக்கன் செத்துவிடும். பூட்டை மாற்றியதற்குச் சமம். இதைக் கடையில் குறைந்தது இரண்டு பேராவது செய்து பழகியிருக்க வேண்டும். எங்கள் தவறு நேர்ந்த அன்று தம்பி மகன் மதுரையில் இருந்தான். அந்த அரை மணி நேரத்தில் பாதி, அவனைப் போனில் பிடிக்கப் போனது.

சர்வர் நடத்துபவர் ஒருநாள் மூடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். வேறு சர்வருக்குக் கணக்கை மாற்றும் வசதி மாஸ்டடனில் உண்டு. பின்தொடர்பவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். எழுதிய பழைய செய்திகள் வராது. ஆகவே மாதக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும் நாளன்று, கணக்கின் நகலையும் இறக்கிப் பென்டிரைவில் போட்டு, சிட்டையோடு சேர்த்து வைத்துவிடுகிறோம்.